ரேஷனோ உதவித்தொகையோ நின்றுபோனால்: எங்கே அறுந்தது என்று பார்த்து, எங்கே போய் நிற்பது?

‘பணம் வரல’ என்று யாராவது வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பேங்குக்கே வரலையா, பேங்குக்கு வந்து உங்க கைக்கு வரலையா? பாதிப் பேர் இந்த இடத்தில் விழிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கடைக்காரர் தாலுகா ஆபீஸுக்குப் போகச் சொல்லியிருப்பார், அங்கே பேங்கில் கேட்கச் சொல்லியிருப்பார்கள், பேங்கில் ‘கவர்ன்மென்ட்டே போடலம்மா’ என்றிருப்பார்கள். மூன்று நாள் கூலி போனதுதான் மிச்சம்.

தாலுகா ஆபீஸ் வாசலில் பலருக்கு மனு எழுதிக் கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசியும் சரி, மகளிர் உரிமைத் தொகையும் சரி, முதியோர் உதவித்தொகையும் சரி, நம் கைக்கு வர நாலு இடங்களைத் தாண்டியாக வேண்டும்: குடும்ப அட்டை, ஆதார், அதிகாரியின் முடிவு, வங்கிக் கணக்கு. ரேஷனுக்குக் கடைசி இடம் வங்கி அல்ல, கடை. நின்றுபோனது எதுவானாலும் இந்த நாலில் ஒன்றில்தான் அறுந்திருக்கும். அது எது என்று தெரியாமல் எழுதிய மனு மேசை மேசையாகச் சுற்றும்.

முதலில் செல்போன் நம்பர்

வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால் இதைச் சரிபாருங்கள். குடும்ப அட்டையில் பதிந்த நம்பர் எது? ஆதாரில் எது? பேங்கில் எது? முதன்முதலில் ஸ்மார்ட் கார்டு எடுத்தபோது கொடுத்த சிம் இன்று யார் கையில் இருக்கிறதோ! கடையில் பில் போட்டால் வரும் குறுஞ்செய்தி, விண்ணப்பம் தள்ளுபடி ஆனால் வரும் காரணம், கைரேகை விழாதபோது வரும் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் போகும். ஆதாரில் நம்பர் மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போகலாம். அட்டையில் மாற்றுவதற்கு இ-சேவை மையமோ வட்ட வழங்கல் அலுவலகமோ போதும். பேங்கில் ஒரு படிவம், அவ்வளவுதான்.

இதோடு இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தத் தேதி, எந்த ஆபீஸ், யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள், மனு எண் என்ன? ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி எழுதினால் போதும். ஆறு மாதம் கழித்து மேலதிகாரி முன்னால் நிற்கும்போது இந்த நோட்டுக்கு இருக்கிற மதிப்பு அழுகைக்கு இருக்காது.

அட்டையில் என்ன எழுத்து இருக்கிறது?

தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ரேஷன் உண்டு என்றாலும் எல்லா அட்டையும் ஒன்றல்ல. ஸ்மார்ட் கார்டின் மேல் சிறியதாக அச்சிட்ட குறியீட்டைப் பாருங்கள். பிஎச்எச் என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏஏஒய் சேர்ந்திருந்தால் அந்தியோதயா, மாதம் 35 கிலோ அரிசி. என்பிஎச்எச் என்றால் முன்னுரிமையற்றது. அதற்கும் அரிசி உண்டு, ஆள் கணக்குப்படி 12 முதல் 20 கிலோ வரை. கடைசியில் எஸ் இருந்தால் சர்க்கரை அட்டை, அரிசி கிடையாது, கூடுதலாகச் சர்க்கரை. என்சி என்றால் எந்தப் பொருளும் இல்லாத அட்டை, முகவரிச் சான்றாக மட்டும் பயன்படும்.

‘பக்கத்து வீட்டுக்கு 35 கிலோ, எனக்கு 20 கிலோ, கடைக்காரர் ஏமாற்றுகிறார்’ என்று வருகிற புகார்களில் பல இந்த எழுத்திலேயே முடிந்துவிடும். அங்கே கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் இருக்கும் மெஷின் காட்டுகிற அளவைத்தான் போட முடியும். வகையை மாற்றும் அதிகாரம் வட்ட வழங்கல் அலுவலருக்கு, சென்னையில் மண்டல உதவி ஆணையருக்கு. கணவரை இழந்து தனியாகக் குடும்பம் நடத்துபவர், மாற்றுத்திறனாளி, ஆதரவற்ற முதியவர், தீராத நோயாளி ஆகியோர் அந்தியோதயா கேட்டு மனு கொடுக்கலாம். கேட்காமல் தானாக மாறாது.

அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாதது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ‘அரிசி வேணும்னா இந்த சோப்பையும் டீத்தூளையும் எடு’ என்று சொன்னால் எடுக்க வேண்டியதில்லை. அவை கடைக்குக் கூடுதல் விற்பனைப் பொருட்கள், உங்கள் ரேஷனோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ரேகை விழவில்லை என்றால்

கட்டட வேலை, செங்கல் சூளை, பாத்திரம் தேய்ப்பது, வயது, இவற்றில் எதுவும் ரேகையைத் தேய்த்துவிடும். ‘ரேகை விழல, நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்புவதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். முதலில் பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கையைக் கழுவித் துடைத்துவிட்டு. அட்டையில் பெயர் உள்ள வேறு யார் வேண்டுமானாலும் ரேகை வைக்கலாம், குடும்பத் தலைவிதான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கடையில் கண் கருவிழிக் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். அதற்கும் மேலே ஓடிபி. அதனால்தான் செல்போன் நம்பரை முதலில் சொன்னேன்.

வீட்டில் இருப்பவர் எல்லாரும் வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் என்றால், வேறொருவர் வாங்கிவர அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். படிவத்தை நிரப்பி, வாங்கப் போகிறவரின் விவரத்தோடு வட்ட வழங்கல் அலுவலரிடம் ஒப்புதல் பெற வேண்டும். 2025 ஆகஸ்டில், 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே பொருள் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் தொடங்கியது. உங்கள் தெருவுக்கு வண்டி வரவில்லை என்றால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். அட்டையில் இளவயதுக்காரர் பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலே அந்தக் குடும்பம் பட்டியலில் வராமல் போகலாம். மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும், பெயர் மட்டும் அம்மா அட்டையிலேயே குந்தியிருக்கும்.

முன்னுரிமை, அந்தியோதயா அட்டைக்காரர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அட்டையில் உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை ரேகை வைத்துத் தம்மை உறுதிசெய்ய வேண்டும். திருப்பூரில் வேலை பார்க்கிற மகள் இதற்காக ஊருக்கு வர வேண்டாம், அங்கிருக்கும் ரேஷன் கடையிலேயே வைக்கலாம். பிள்ளைகளுக்கு ரேகை ஏற்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றே. 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்திருக்க மாட்டார்கள்.

வாங்காத பொருளுக்கு பில்

மக்களுக்குக் கோபம் வருவதும், மக்கள் விட்டுவிடுவதும் இதில்தான். நீங்கள் ஒரு கிலோ பருப்பு வாங்கவில்லை. ‘2 கிலோ சர்க்கரை, 1 கிலோ பருப்பு’ என்று செல்போனில் செய்தி வருகிறது. அல்லது ‘பருப்பு இன்னும் வரல, ரேகை மட்டும் வச்சுட்டுப் போங்க, வந்ததும் தர்றேன்’ என்கிறார்கள். ரேகை வைத்த நொடியில் கணக்குப்படி நீங்கள் வாங்கிவிட்டீர்கள். பொருள் கைக்கு வராமல் ரேகை வைக்காதீர்கள், இதில் தாட்சண்யம் வேண்டாம்.

செய்தி வந்துவிட்டதா? அழிக்காமல் வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முதலில் கடையிலேயே கேளுங்கள். நிஜமாகவே கை தவறி அழுத்தியிருக்கலாம், மாதக் கடைசிக் கூட்டத்தில் நடப்பதுதான். சரிசெய்யாவிட்டால் அன்றே 1967 அல்லது 1800 425 5901 எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். பதிவு செய்த செல்போனிலிருந்து ‘பிடிஎஸ்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு 107 என்று 97739 04050 எண்ணுக்கு அனுப்பினாலும் வாங்காத பில்லுக்குப் புகார் பதிவாகும். 101 என்று அனுப்பினால் கடையில் என்ன இருப்பு என்று தெரியும். ‘சரக்கு வரல’ என்று சொல்லும் கடையின் முன்னால் நின்றுகொண்டே இதை அனுப்பிப் பாருங்கள்.

சரக்கு நிஜமாகவே வராத மாதங்களும் உண்டு. 2024 மே மாதத்தில் பருப்பும் பாமாயிலும் தாமதமானபோது, மே மாத ஒதுக்கீட்டை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. ஆகவே மாதம் முடிந்ததும் ‘போன மாசத்தது போச்சு’ என்று விட்டுவிடாமல் அறிவிப்பு ஏதும் உண்டா என்று கேளுங்கள்.

பெயர் சேர்ப்பு, நீக்கத்தை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் பெயர் ஒரே நேரத்தில் இரண்டு அட்டையில் இருக்க முடியாது. கல்யாணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து எடுத்த பிறகுதான் புகுந்த வீட்டில் சேர்க்க முடியும், தனி அட்டை என்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும். இறந்தவர் பெயரை இறப்புச் சான்றோடு உடனே நீக்குங்கள். பின்னால் தணிக்கையில் கண்டுபிடித்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

உரிமைத் தொகை தள்ளுபடி ஆனால்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயாகப் போகத் தொடங்கியது. விண்ணப்பித்தவர்கள் அதைவிடப் பல லட்சம் அதிகம். தொடக்கத்தில் வைத்த விதிகள் இவை: வயது 21 நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். கார், டிராக்டர் போன்ற நாலு சக்கர வாகனம், அரசு வேலை, வருமான வரி இருந்தால் இல்லை. பிறகு சில தளர்த்தப்பட்டன. விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பு விதி என்று இ-சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் ஆள் அல்ல, தரவு. மின்வாரியக் கணக்கு, வாகனப் பதிவு, வருமான வரிக் கணக்கு எல்லாவற்றோடும் உங்கள் அட்டையை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பழைய பதிவு ஒன்று அழியாமல் இருந்தால் அது உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஒரு அம்மா வந்தார், குடும்பமே கூலி வேலை, ‘நாலு சக்கர வாகனம் உள்ளது’ என்று தள்ளுபடி. விசாரித்தால், கணவர் முன்பு வாடகைக்கு ஓட்டிய பழைய கார் ஒன்று. விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது, ஆர்சி புத்தகத்தைப் பெயர் மாற்றாமலே விற்றிருக்கிறார். இங்கே உரிமைத் தொகை அதிகாரியிடம் எத்தனை முறை போய் நின்றாலும் காரியம் ஆகாது. முதல் வேலை ஆர்டிஓ அலுவலகத்தில்.

இதே மாதிரி: வீட்டு உரிமையாளரின் ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் ஓடினால் மின் அளவு எகிறும். வாடகை ஒப்பந்தத்தையும், ஒரே இணைப்பில் எத்தனை குடும்பம் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றையும் இணையுங்கள். மகன் பைக் கடனுக்காக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருப்பான். தாக்கல் செய்ததாலேயே வரி கட்டுபவர் ஆகிவிட மாட்டார், அந்தக் கணக்கின் நகலில் வருமானமும் கட்டிய வரியும் தெரியும்.

காரணம் தெரிந்ததும் மேல்முறையீடு. செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்குச் செய்ய வேண்டும். ‘நாங்கள் மிகவும் ஏழைகள், கருணை காட்டுங்கள்’ என்ற மனு எங்கும் நிற்காது. அவர்கள் சொன்ன காரணம் எது, அது ஏன் தவறு, அதற்கு என்ன சான்று, மூன்றே வரி போதும். வீட்டில் மாமியாருக்கு முதியோர் உதவித்தொகை வருவதால் மருமகளுக்கு இது கிடையாது என்று நம்பி விண்ணப்பிக்காமலே விட்டவர்களை இன்னும் பார்க்கிறேன். அது 2023 ஆகஸ்டிலேயே தளர்த்தப்பட்டது.

பேங்க் பக்கம் அறுந்திருந்தால்

‘பணம் அனுப்பப்பட்டது’ என்று செய்தி வந்து, பாஸ்புக்கில் வரவில்லை என்றால் பெரும்பாலும் அது வேறொரு கணக்கில் உட்கார்ந்திருக்கும். பேங்கில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தது வேறு, அரசுப் பணம் வாங்குவதற்கென அந்தக் கணக்கை ஆதாரோடு பிணைப்பது வேறு. ஆதார் வழியாக அனுப்பும் பணம், கடைசியாக எந்தக் கணக்கைப் பிணைத்தீர்களோ அங்கேதான் போகும். பாஸ்புக் நம்பர் எதைக் கொடுத்திருந்தாலும் சரி. 2017-ல் சிம் கார்டுக்கு ஆதார் கொடுத்த பலருக்குத் தெரியாமலே செல்போன் நிறுவனத்தின் பேமென்ட் வங்கியில் கணக்குத் திறந்து, காஸ் மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது பெரிய விவகாரம் ஆனது.

எந்த பேங்க் பிணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். மாற்ற வேண்டும் என்றால் வேண்டிய பேங்க் கிளைக்குப் போய், ‘ஆதார் லிங்க்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வர என்பிசிஐ மேப்பிங் செய்ய வேண்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். சொல் முக்கியம். எந்த ஆதாருக்கு எந்த பேங்க் என்ற பட்டியலை வைத்திருக்கும் தேசிய அமைப்புதான் என்பிசிஐ. முதல் வாக்கியத்துக்கு ‘ஏற்கெனவே லிங்க் ஆகியிருக்கு’ என்று அனுப்பிவிடுவார்கள், இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியாது.

பணம் வந்து, வந்த வேகத்தில் குறைந்தபட்ச இருப்பு அபராதமாகப் பிடிக்கப்பட்டதா? 2023 செப்டம்பரில் முதல் தவணையிலேயே இது நடந்து, அரசு 1100 எண்ணுக்குப் புகார் தரச் சொன்னது. நிரந்தரத் தீர்வு, கணக்கை இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கேட்பது. இதற்குக் கட்டணம் இல்லை. கேஒய்சி எனும் அடையாள விவரத்தைப் புதுப்பிக்காததால் கணக்கை முடக்கியிருந்தால் ஆதார், பான் அல்லது பான் இல்லாதவருக்கான படிவத்தோடு போனால் திறந்துவிடுவார்கள்.

கிளையில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையா, பதில் திருப்தியில்லையா, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். விவரத்துக்கு 14448. முதலில் பேங்கில் எழுத்தில் புகார் கொடுத்த அத்தாட்சி இல்லாமல் அங்கே எடுக்க மாட்டார்கள்.

முதியோர் உதவித்தொகை

2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய் ஆன இந்தப் பணம் நின்றால் போக வேண்டிய இடம் ரேஷன் கடையோ விஏஓவோ அல்ல. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் இருப்பார், அவர்தான். இரண்டே கேள்வி கேளுங்கள்: என் பெயர் பட்டியலில் இருக்கிறதா, நீக்கினீர்களா? நீக்கினால் உத்தரவு நகலைக் கொடுங்கள். கள ஆய்வுக்கு வந்த நாளில் ஆள் வீட்டில் இல்லாவிட்டாலே ‘இல்லை’ என்று எழுதிப் போயிருக்கலாம். மகள் வீட்டுக்கு ஒரு மாதம் போனவரை ‘குடிபெயர்ந்தார்’ ஆக்கியதைப் பார்த்திருக்கிறேன். பெயர் பட்டியலில் இருந்து பணம் மட்டும் வரவில்லை என்றால் மேலே சொன்ன பேங்க் வேலை.

ஊருக்குப் பணம் கொண்டுவரும் பேங்க் பிரதிநிதியிடம் ஒரு எச்சரிக்கை வேண்டும். ‘ரேகை விழல பாட்டி, அடுத்த வாரம் பாக்கலாம்’ என்று சொல்லும் போதெல்லாம் ரேகை விழாமல் இருந்திருக்காது. ஒவ்வொரு முறை விரல் வைத்ததும் துண்டுச்சீட்டுக் கேளுங்கள், தோல்வி என்றாலும் சீட்டு வரும். மாதம் ஒருமுறை பாஸ்புக்கைக் கிளையில் பதியவைத்து, எடுத்ததாக உள்ள தேதியும் கைக்கு வந்த தேதியும் ஒன்றா என்று பாருங்கள்.

மனு: யாரிடம், எந்த வரிசையில்?

ரேஷன் என்றால் வட்ட வழங்கல் அலுவலர். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும், பெயர் திருத்தம், நம்பர் மாற்றம் எல்லாம் அங்கே வேகமாக முடியும். அதற்கு மேல் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். விடிகாலையில் போய் வரிசையில் நிற்பதைவிட, மனுவை இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரையோ மனு எண்ணோ வாங்குவது முக்கியம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநில உணவு ஆணையமும் உண்டு. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

மனு இப்படி இருந்தால் போதும்:

‘என் குடும்ப அட்டை எண் ___. ___ கடையில் ___ மாதம் ___ தேதி நான் வாங்காத 1 கிலோ துவரம் பருப்புக்குப் பில் போடப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது, நகல் இணைப்பு. கடையில் ___ அன்று கேட்டேன், சரிசெய்யவில்லை. 1967-ல் புகார் எண் ___. அந்த மாத ஒதுக்கீட்டை எனக்கு வழங்கவும், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.’

ஒரு மனுவில் ஒரு குறை மட்டும். ரேஷன், ரோடு, தண்ணீர் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்று துறைக்கும் நகல் போய் ஒன்றும் நடக்காது.

பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு அதுவும் வேண்டாம். ‘ஏன் எனக்குத் தரவில்லை?’ என்று கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று பதில் வரும். தாளைக் கேளுங்கள்: என் அட்டைக்குக் கடந்த ஆறு மாத விற்பனைப் பதிவின் நகல், என் விண்ணப்பத்தின் மீதான கள ஆய்வு அறிக்கை நகல், தள்ளுபடி உத்தரவு நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். கள ஆய்வுக்கு யாரும் வராமலே எழுதிய அறிக்கை என்றால் அது கையில் வந்ததுமே தெரிந்துவிடும். சில சமயம் இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த வாரமே நின்ற பணம் வந்து விழுவதுண்டு.

இடைத்தரகர் ‘ரெண்டாயிரம் குடுங்க, முடிச்சுத் தர்றேன்’ என்றால், அவர் செய்யப்போவதும் இதே இ-சேவை விண்ணப்பம்தான். எழுதத் தெரியாதவர், பயப்படுபவர், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக ஆள் தருவார்கள். போகும்போது அந்த இருபது ரூபாய் நோட்டுப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.